பெட்டிங் கடை கவுண்டரில் சந்தேகமான பெட்: மேனேஜரிடம் சொன்னால் போதுமா?

கவுண்டர்_தம்பி (லண்டன்)

வணக்கம் எல்லோருக்கும். நான் இங்கே ஒரு பெட்டிங் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். பெரிய கம்பெனியின் கிளைதான், பெயர் வேண்டாம். நேற்று நடந்த ஒன்று மண்டையைக் குடைகிறது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இங்கே சிலர் இருப்பது தெரியும், அதனால் கேட்கிறேன்.

டிவியில் காட்டிய எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து ஆட்டம். ஒரு பக்கம் லீக் அணி, மறுபக்கம் நான்-லீக் அணி, அதாவது அதற்குக் கீழே சிறு லீகுகளில் ஆடும் அணி. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மூன்று பொடியன்கள் வந்தார்கள், இரண்டு பேரை நான் கண்டதே இல்லை. மூன்று பேரும் தனித்தனி ஸ்லிப்பில் ஒரே பெட்: நான்-லீக் அணியின் ஒரு டிஃபெண்டருக்கு மஞ்சள் அட்டை கிடைக்கும் என்று. யார் வெல்வது, எத்தனை கோல், அதிலெல்லாம் ஒரு அக்கறையும் இல்லை. ஆளுக்கு இருபது பவுண்ட் போட்டார்கள். அது ஏறியதும் நூறு போடலாமா என்று கேட்டார்கள், மெஷின் ஹெட் ஆபிஸைக் கேட்டது, பத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. ஆட்ஸும், அதாவது ஜெயித்தால் கிடைக்கும் மடங்கும், குறைந்துவிட்டது. அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவே இல்லை, அந்தப் பத்தையும் போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் வேறு கம்பெனியின் கடைக்குப் போவோம் என்று கதைத்துக்கொண்டே வெளியேறினார்கள். போகும்போது ஒருவன் போனில், "உறுதி, அவனே சொன்னவன்" என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. தமிழில் சொன்னான்.

இரண்டாம் பாதியில் அந்த டிஃபெண்டர் ஒரு த்ரோ-இன்னுக்குப் பந்தைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டு நின்று மஞ்சள் அட்டை வாங்கினார்.

மேனேஜரிடம் சொன்னேன். "சின்னக் காசு, ஹெட் ஆபிஸ் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும், நீ மண்டையை உடைக்காதே" என்று முடித்துவிட்டார். இப்போது எனக்கு இரண்டு கேள்வி. இதை நான் வேறு எங்காவது சொல்ல வேண்டுமா, அல்லது மேனேஜரோடு என் பொறுப்பு முடிந்ததா? மற்றது, அந்த மூன்றாவது பொடியன் எனக்குத் தெரிந்த குடும்பம், தகப்பனைக் கோயிலில் காண்பேன். என் ஒரு சொல்லால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. ஸ்லிப்புகளை இன்னும் மாற்றவில்லை, நாளைக்கு வரலாம்.

---

ஆட்ஸ்_அக்கா

தம்பி, நான் ஒரு புக்மேக்கரின் இன்டெக்ரிட்டி பிரிவில் வேலை செய்கிறேன், அதாவது இந்த மாதிரி பெட்டுகளைப் பார்ப்பதுதான் என் முழுநேர வேலை. கட்டாயம் சொல்ல வேண்டும், இன்றைக்கே, எழுத்தில். மேனேஜரிடம் வாயால் சொன்னதற்கு நாளைக்கு எந்தத் தடயமும் இருக்காது.

சூதாட்டத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான கேம்ப்ளிங் கமிஷன் தருகிற உரிமத்தில் 15.1.2 என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. 2005 சூதாட்டச் சட்டப்படி குற்றமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலோ, கமிஷன் அந்தப் பெட்டை ரத்துசெய்ய யோசிக்கக்கூடிய விஷயம் என்று தோன்றினாலோ, தகவல் எந்த வழியாக வந்திருந்தாலும் தாமதிக்காமல் கமிஷனுக்குக் கொடுக்க வேண்டும். விளையாட்டு அமைப்பின் பந்தய விதி மீறப்பட்டதாகச் சந்தேகம் என்றால் அந்த அமைப்புக்கும் போக வேண்டும், இங்கே அது இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. இந்தக் கடமை கம்பெனியுடையது. உன் வேலை அது கம்பெனிக்குள் சரியான ஆளின் கையில் சேருகிறதா என்று பார்ப்பது. உன் கடைக்கான பயிற்சிக் குறிப்பில் செக்யூரிட்டி அல்லது இன்டெக்ரிட்டி பிரிவின் மெயில் கட்டாயம் இருக்கும். அதற்கு எழுது, மேனேஜருக்கு ஒரு பிரதி போடு.

"சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்" என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எல்லாக் கடையிலும் இருக்கிறது. சிஸ்டத்துக்குத் தெரிவது காசும் நேரமும் ஆட்ஸும்தான். நான்-லீக் டிஃபெண்டரின் மஞ்சள் அட்டை மார்க்கெட்டில் வழக்கமாக வருகிற பணம் மிகக் கொஞ்சம். அதிலேயே திடீரென்று பல கடையிலிருந்து பணம் வந்தால் எங்கள் திரையில் தெரியும், உனக்குப் பத்துக்கு மேல் மறுத்ததே அதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் "அவனே சொன்னவன்" என்று ஒருவன் போனில் சொன்னதை எந்த சிஸ்டமும் கேட்கவில்லை. அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள் என்பதும் தெரியாது, கடையில் காசாகப் போட்ட பெட்டில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. எங்களுக்கு அது மூன்று தனி ஸ்லிப், அவ்வளவுதான்.

இப்படி எழுது: எத்தனை மணிக்கு வந்தார்கள், ஸ்லிப் எண்கள், எந்தக் கவுண்டர், எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு போடக் கேட்டார்கள், எவ்வளவு மறுக்கப்பட்டது, ஆட்ஸ் குறைந்தபின்னும் போட்டார்கள் என்பது. போனில் கேட்டதை அவன் சொன்ன தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் போடு. நீ கண்டது வேறு, கேட்டது வேறு, ஊகிப்பது வேறு, மூன்றையும் ஒன்றாகக் குழைக்காதே. சிசிடிவி பதிவை உடனே எடுத்து வைக்கச் சொல். அதைச் சில வாரங்களில் அழித்து மேலே எழுதிவிடுவார்கள், விசாரணை அதிகாரி கேட்கும் நேரத்தில் அது இல்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

சின்னக் காசு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. 2024 மே மாதம் கிரெய்க் வில்லியம்ஸ் என்கிற எம்.பி. ஜூலையில் தேர்தல் வரும் என்று நூறு பவுண்ட் போட்டார், மூன்று நாளில் பிரதமர் தேர்தலை அறிவித்தார். அந்த நூறு பவுண்டில் தொடங்கியது, 2025 ஏப்ரலில் அவரையும் சேர்த்து 15 பேர் மீது கமிஷன் வழக்குப் போட்டது. அதே 2005 சட்டத்தின் 42ஆம் பிரிவு, பந்தயத்தில் ஏமாற்றுவது, இரண்டு ஆண்டு வரை சிறை. அது விளையாட்டே இல்லை, ஆனால் பார்க்கிற கண் அதேதான்.

---

சேப்பாக்கம்_ஸ்டாண்ட் (சென்னை)

ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கம்பெனிகள் தோற்கிறவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவார்கள், ஜெயிக்கிறவன் வந்தால் லிமிட் போடுவார்கள், அக்கவுண்டை மூடுவார்கள், இப்போது "சந்தேகம்" என்ற பெயரில் பணத்தையும் கொடுக்க மாட்டார்கள். இதில் விளையாட்டின் நேர்மை எங்கே இருக்கிறது? டெலிகிராமில் ஒரு டிப்ஸ்டர் சொன்னால் ஆயிரம் பேர் ஒரே பெட்டைப் போடுவார்கள், அத்தனை பேரும் குற்றவாளியா?

---

ஆட்ஸ்_அக்கா

கோபம் ஏன், நியாயமான கேள்வி. டிப்ஸ்டர் உதாரணம் மிகச் சரியானது, அதனால்தான் வழக்கத்துக்கு மாறானது வேறு, சந்தேகத்துக்குரியது வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் விதிகளில் இந்த இரண்டு படியும் தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. ஆட்ஸ் திடீரென்று சரிந்தால் முதலில் காரணம் தேடுவோம். கோல்கீப்பருக்குக் காயம் என்று யாராவது ட்வீட் போட்டார்களா, எங்கள் டிரேடரே ஆட்ஸைத் தப்பாகப் போட்டுவிட்டாரா, டிப்ஸ்டர் சேனலில் வந்ததா, மழையால் மைதானம் சேறாகிவிட்டதா. பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு காரணமும் கிடைக்காமல், மற்ற கம்பெனிகளிடம் கேட்டால் அவர்களும் அதையே பார்த்திருந்தால், அப்போதுதான் அது சந்தேகம் ஆகிறது. இந்தக் கேட்டுப் பார்ப்பதற்காகவே ஐ.பி.ஐ.ஏ. என்ற பந்தய நிறுவனங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் ஹாய்சர் என்ற நடுவர் 2004 கோப்பை ஆட்டத்தில் பாடர்போர்ன் அணிக்கு இரண்டு பெனால்டி கொடுத்து, ஹாம்பர்க் வீரர் ஒருவரை வெளியே அனுப்பி, 0-2 என்று பின்தங்கியிருந்த அணியை 4-2 என்று ஜெயிக்க வைத்த விவகாரம் வெடித்தபின், 2005இல் வேறு பெயரில் தொடங்கியது அது. 2024இல் அவர்கள் உலகம் முழுக்க விளையாட்டு அமைப்புகளுக்கு அனுப்பிய எச்சரிக்கை 219. எத்தனை ஆட்டங்கள் மேல் பந்தயம் நடக்கிறது என்று யோசித்தால், எவ்வளவு சலித்தபின் இந்த எண்ணிக்கை மிஞ்சுகிறது என்று புரியும்.

பணம் கொடுக்காமல் இருப்பது பற்றி: 336ஆம் பிரிவின்படி ரத்துசெய்யும் அதிகாரம் கமிஷனுக்கு இருக்கிறது. கம்பெனி தன் சொந்த விதிகளைக் காட்டி நிறுத்தி வைத்தால் வாடிக்கையாளர் ஐ.பி.ஏ.எஸ். என்கிற பந்தயத் தகராறு தீர்க்கும் அமைப்புக்குப் போகலாம். கம்பெனிகள் ஜெயிக்கிறவர்களுக்கு லிமிட் போடுவதை நான் இங்கே நியாயப்படுத்தப் போவதில்லை, எனக்கே அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அது வணிக முடிவு, இது வேறு. இந்த இரண்டையும் கலக்கிற கம்பெனி உண்மையிலேயே தப்புச் செய்கிறது, ஏனென்றால் கெட்டிக்காரத்தனமாகப் பெட் போடுகிறவன் பெயரெல்லாம் "சந்தேகம்" என்ற கோப்பில் குவிந்தால் உண்மையான எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள்.

2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட்டில் ஒரு டென்னிஸ் போட்டியில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்ய வீரர் டேவிடென்கோ அப்போது உலகத்தின் நான்காம் இடம், எதிரே அர்ஜென்டினாவின் வசாயோ ஆர்குவேயோ 87ஆம் இடம். முதல் செட்டை டேவிடென்கோ 6-2 என்று எடுத்துவிட்டார், ஆனால் பெட்ஃபேர் என்ற பந்தயத் தளத்தில் பணம் தோற்றுக்கொண்டிருந்தவர் மேலேயே கொட்டியது. சுமார் 70 லட்சம் டாலர், அந்த மாதிரி ஆட்டத்துக்கு வழக்கமாக வருவதைப்போல் பத்து மடங்கு. மூன்றாவது செட்டில் டேவிடென்கோ கால் வலி என்று விலகினார். பெட்ஃபேர் எல்லாப் பெட்டையும் ரத்துசெய்தது, அவர்கள் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அது எக்ஸ்சேஞ்ச், ஒருவர் பணத்தை இன்னொருவர் ஜெயிக்கிற இடம், ரத்துசெய்தால் கம்பெனிக்குத் தரகுத் தொகை நஷ்டம்தான். அப்புறம் ஓராண்டுக்கு மேல் விசாரித்து, 2008 செப்டம்பரில் இரண்டு வீரர்கள் மீதும் ஆதாரம் இல்லை என்று ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி. முடித்தது. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை: பெட் போட்ட விதம் மிகவும் விசித்திரமானது, வீரர்கள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை.

தம்பி, உன் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நீ யாரையும் குற்றம் சாட்டவில்லை. அப்போது வெஸ்ட் ஹாம் அணியில் ஆடிய லூகாஸ் பக்கேட்டாவின் வழக்கு நினைவிருக்கும். பிரேசிலில் அவர் பிறந்த ஊர்ப்பக்கமிருந்து அவருடைய மஞ்சள் அட்டை மேல் பெட்டுகள் வந்தன, 2024 மே மாதம் எஃப்.ஏ. நான்கு ஆட்டங்களுக்குக் குற்றம் சாட்டியது. 2025 ஜூலை கடைசியில் வேண்டுமென்றே அட்டை வாங்கினார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. அந்தப் பையன் இரண்டு வருடம் பட்ட பாடு கொஞ்சமில்லை, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்கள் ஆதாரத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள், கவுண்டரில் நின்றவரோ திரையைப் பார்த்தவரோ முடிவெடுக்கவில்லை.

---

ஞாயிறு_கோச் (லண்டன்)

நான் நான்-லீக் அணி ஒன்றில் இளைஞர் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

இந்த அளவில் விளையாடுகிறவர்களுக்கு வாரச் சம்பளம் என்பது பெட்ரோல் காசை விடக் கொஞ்சம் அதிகம். எஃப்.ஏ. கோப்பையில் டிவி ஆட்டம் என்பது வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற விஷயம். அந்த ஒரு நாளில்தான் அவன் பெயரில் மார்க்கெட் திறக்கிறது, மற்ற நாளில் அவனுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தால் யார் பெட் எடுக்கப் போகிறார்கள். கூட்டாளிகள் வருவார்கள், "யாருக்கு என்னடா நஷ்டம், ஆட்டத்தை விற்கச் சொல்லவில்லையே, ஒரு கார்டுதானே" என்பார்கள். இப்படித்தான் விழுகிறார்கள். ஸ்ட்ராட்ஃபர்ட் டவுன் அணியின் கைனன் ஐசக் 2021 நவம்பரில் ஷ்ரூஸ்பரியுடன் ஆடிய கோப்பை ஆட்டத்தில் வேண்டுமென்றே அட்டை வாங்கியதாக நிரூபணமாகி, அதற்கு மட்டும் பத்து ஆண்டு, மற்றக் குற்றங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டு தடை. லிங்கன் சிட்டியின் பிராட்லி வுட் 2017 கோப்பை ஓட்டத்தில் வாங்கிய இரண்டு அட்டை, மற்றப் பந்தய விதிமீறல்கள் எல்லாம் சேர்த்து ஆறு ஆண்டு. ஒரு கால்பந்து வீரனுக்குப் பன்னிரண்டு ஆண்டு என்றால் என்ன மிச்சம் இருக்கிறது?

பசங்களுக்கு விதியே சரியாகத் தெரிவதில்லை. 2014 ஆகஸ்டிலிருந்து பிரீமியர் லீக் தொடங்கி நான்-லீக்கின் நான்காம் படி வரை விளையாடுகிற யாரும் உலகத்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்திலும் பெட் போடக் கூடாது. தான் போடாவிட்டாலும், உள்ளே நடப்பதை வெளியே சொல்லி அதை வைத்து இன்னொருவன் போட்டால் அதுவும் விதிமீறல். "அவனே சொன்னவன்" என்பது அந்தக் கணக்கில்தான் வரும்.

அதனால் என் கருத்து, ரிப்போர்ட் போவதற்கு முன்னால் அந்தத் தகப்பனிடம் ஒரு வார்த்தை கதைத்தால் நல்லது. அவர் மகனைக் கூப்பிட்டு, அந்த ஸ்லிப்பைக் கிழித்துப் போடச் சொல்லலாம். நம் ஆட்கள் இப்படித்தான் பல விஷயத்தைத் தீர்த்திருக்கிறோம்.

---

ஆட்ஸ்_அக்கா

அண்ணா, உங்கள் மனம் புரிகிறது, ஆனால் இதை மட்டும் செய்யவே கூடாது. தம்பி, தயவுசெய்து அந்த வீட்டுக்குப் போகாதே, கோயிலில் கண்டாலும் வாய் திறக்காதே.

தகப்பன் மகனிடம் கேட்பார், மகன் கூட்டாளிக்கு போன் போடுவான், கூட்டாளி வீரனுக்குப் போடுவான், அன்று இரவே எல்லோர் போனிலும் வாட்ஸ்அப் அழிந்துவிடும். எஃப்.ஏ. விசாரணையில் முதலில் கேட்பது போனைத்தான். விசாரணை வரப்போகிறது என்று தெரிந்து ஆதாரத்தை அழித்தால் ஒரு விதிமீறல் இரண்டாகும், அந்தப் பையனுக்கு நீ செய்த உதவி அதுதான் ஆகும். இன்னொன்று, இதில் குற்றப் பணம் என்று ஒரு விசாரணை வந்தால், அதைக் கெடுக்கும்படி தகவல் சொன்னவர் மேலேயே சட்டம் பாயும்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கறுப்புப் பணத்துக்கான ரிப்போர்ட் வேறு வழி, அது கம்பெனியில் அதற்கென்று நியமித்த அதிகாரி மூலம் தேசியக் குற்றத் தடுப்பு முகமையான என்.சி.ஏ.வுக்குப் போகும். பந்தயச் சந்தேகம் கேம்ப்ளிங் கமிஷனில் 2010இலிருந்து இருக்கிற எஸ்.பி.ஐ.யூ. என்ற உளவுப் பிரிவுக்குப் போகும். ஒரே சம்பவம் இரண்டு வழியிலும் போகலாம், எதில் போக வேண்டும் என்று பிரிப்பது உன் வேலை இல்லை.

கம்பெனிக்குள் எழுதியும் யாரும் அசையவில்லை என்றால், எஸ்.பி.ஐ.யூ.வுக்கு நீயே ரகசியமாகச் சொல்லலாம், கமிஷன் தளத்தில் வழி இருக்கிறது. தப்பு நடக்கிறது என்று நியாயமாக நம்பிச் சொல்கிறவர்களுக்கு 1998 பொதுநல வெளிப்படுத்தல் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, அதற்காக உன்னை வேலையை விட்டு எடுத்தால் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் நிற்கலாம். ஆனால் முதலில் கம்பெனிக்குள் எழுது, பெரும்பாலும் அதுவே போதும்.

---

ஸ்கார்பரோ_வாசகன் (கனடா)

அக்கா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன், நான் ஒன்டாரியோவில் ஒரு பந்தயக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸில், அதாவது விதிகள் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கவுண்டரில் நிற்கிறவரின் கண் எவ்வளவு பெரியது என்பதற்கு 2023 ஏப்ரல் 28, சின்சினாட்டி பேஸ்பால் மைதானத்திலிருந்த பெட்டிங் கவுண்டரைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஒருவர் வந்து கல்லூரி பேஸ்பாலில் எல்.எஸ்.யூ. அணி அலபாமாவை வெல்லும் என்று ஒரு லட்சம் டாலர் போடப் பார்த்தார். கல்லூரி பேஸ்பாலுக்கு அவ்வளவு பணம் யார் போடுவார்கள்? பதினைந்தாயிரம் எடுத்தார்கள், மேலும் போட வற்புறுத்தினார், மறுத்துவிட்டார்கள். அலபாமாவின் அன்றைய பந்துவீச்சாளர் காயத்தால் ஆடமாட்டார் என்று அந்த அணியின் பயிற்சியாளரே அவருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார், அந்த மெசேஜை அவர் கவுண்டரில் இருந்தவர்களுக்கே காட்டியிருக்கிறார். கண்காணிப்பு நிறுவனத்துக்கு எச்சரிக்கை போனது, மே 1 அன்று ஒஹாயோ ஆணையம் அலபாமா பேஸ்பால் பெட்டையே நிறுத்தியது, மே 4 அன்று பயிற்சியாளர் பிராட் போஹனன் வேலையிழந்தார். பின்னர் அந்த ஆளுக்கு எட்டு மாதச் சிறை, விசாரணையைத் தடுத்ததற்காக. அந்த வழக்கில் ஆட்டத்தை யாரும் விற்கவே இல்லை, உள்ளே இருந்து ஒரு தகவல் வெளியே போனது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் விஷயம் ஜோன்டே போர்ட்டர். டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து வீரர். 2024 மார்ச் 20 ஆட்டத்தில் அவர் குறைவாகவே ஆடுவார், குறைவாகவே எடுப்பார் என்று ஒருவர் 80,000 டாலருக்குப் பார்லே (பல பெட்டுகளை ஒன்றாகச் சேர்த்தது) போட்டார், ஜெயித்தால் 11 லட்சம் டாலர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒரு வீரர் மேல் அந்தப் பணம்! கம்பெனி பெட்டை முடக்கிவிட்டது, போர்ட்டர் மூன்று நிமிடம் ஆடிவிட்டு உடம்பு சரியில்லை என்று போய்விட்டார். ஏப்ரலில் என்.பி.ஏ. ஆயுள் தடை போட்டது. இங்கே நான் சொல்ல வருவது, லைசென்ஸ் உள்ள கம்பெனிகள் சொல்லித்தான் லீகுக்கே தெரிந்தது. அதற்கு அடுத்த சீசனிலிருந்து குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் இருக்கிற வீரர்கள் "குறைவாக எடுப்பார்" என்கிற பெட்டையே கம்பெனிகள் நிறுத்திவிட்டன. பேஸ்பாலிலும் 2025 நவம்பரில், இரண்டு கிளீவ்லேண்ட் பந்துவீச்சாளர்கள் மேல் வழக்கு வந்தபின், ஒற்றைப் பந்து மேல் போடுகிற பெட்டுக்கு 200 டாலர் உச்சவரம்பு வைத்து, பார்லேயில் சேர்க்கக் கூடாது என்று ஆக்கினார்கள். ஒரே ஒரு ஆளால், யாருக்கும் உறுத்தாமல் செய்யக்கூடிய விஷயம் எதுவோ அந்த மார்க்கெட்தான் முதலில் கெடும். மஞ்சள் அட்டையும் அதே ரகம். நான்-லீக் வீரர்களுக்கு அந்த மார்க்கெட்டைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் கம்பெனிக்கு வருமானமும் இல்லை, அந்தப் பசங்களைக் குழியில் தள்ளுவதுதான் மிச்சம்.

ஆணையம் உண்மையாகவே இறங்கினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2022 நவம்பரில் யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் மின்னர் என்பவரின் சண்டை. சில மணி நேரத்தில் எதிராளியின் ஆட்ஸ் மைனஸ் 220இலிருந்து மைனஸ் 420க்குப் போனது, அதாவது அவர் ஜெயிப்பார் என்று பணம் குவிந்தது, சண்டை 67 விநாடியில் முடிந்தது. டிசம்பர் 1 அன்று ஒன்டாரியோ ஆணையம் யு.எஃப்.சி. பெட்டுகளை மொத்தமாக நிறுத்தச் சொன்னது. உள்ளே இருப்பவர்கள் பெட் போடுவதைத் தடுக்கும் விதிகளை அவர்கள் காட்டியபின்தான், 2023 ஜனவரி 19 அன்று திரும்ப அனுமதித்தார்கள்.

---

சேப்பாக்கம்_ஸ்டாண்ட்

இதைப் படிக்கும்போது இங்கே உள்ள நிலைமைதான் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு கவுண்டரே இல்லை, எல்லாம் போனிலும் கையிலும்தான், அதனால் ரிப்போர்ட் செய்ய வேண்டியவன் வீரன் மட்டும்தான். அதைச் செய்யாததற்கே 2019இல் ஷாகிப் அல் ஹசனுக்கு இரண்டு வருடத் தடை, அதில் ஒன்று நிறுத்திவைப்பு. 2010 லார்ட்ஸ் நோ-பால் விவகாரமும் ஒரு பத்திரிகை வேஷம் போட்டுப் பிடித்ததுதான், பெட்டைப் பார்த்து யாரும் பிடிக்கவில்லை. சரி, பதிவு இருக்கிற இடத்தில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். லிமிட் விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது.

---

ஞாயிறு_கோச்

அக்கா சொன்னது சரியாகப் படுகிறது, அந்த போன் அழிக்கிற விஷயம் எனக்குத் தோன்றவில்லை. தகப்பனிடம் போக வேண்டாம் தம்பி. இந்தச் சீசன் முடிவதற்குள் எங்கள் பசங்களுக்கு இதைப் பற்றி ஒரு வகுப்பு வைக்கிறேன், எஃப்.ஏ.விடம் அதற்கான வீடியோக்கள் இருக்கின்றன.

---

கவுண்டர்_தம்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே செக்யூரிட்டி பிரிவுக்கு எழுதினேன், அக்கா சொன்னபடி கண்டதையும் கேட்டதையும் பிரித்து. காலையில் ஒருவர் போன் எடுத்தார். வேறு இரண்டு கடையிலும் அதே வீரர் மேல் பெட் விழுந்திருக்கிறதாம், அவற்றை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்களாம், ஆனால் போனில் கதைத்தது அவர்களுக்குப் புது விஷயம். சிசிடிவியை அவர்களே எடுத்துவிட்டார்கள். மேனேஜர் முகம் கொஞ்சம் கோணல்தான், பரவாயில்லை.

குடும்பத்தைத் தெரியும் என்பதையும் எழுதிவிட்டேன், பிறகு தெரியவந்தால் நான் மறைத்தது போலாகும். அது சரிதானே? மற்றது, இன்று மதியம் நான்தான் கவுண்டரில். அவர்கள் ஸ்லிப்போடு வந்தால் என்ன சொல்வது?

---

ஆட்ஸ்_அக்கா

குடும்பத்தைத் தெரியும் என்று எழுதியது மிகச் சரி. ஸ்லிப் விஷயத்தில் நீயாக எதையும் முடிவு செய்யாதே, அவர்கள் வருவதற்கு முன்பே காலையில் பேசிய அந்த ஆளுக்கு போன் போட்டு, கொடுக்கவா நிறுத்தவா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கு. கொடு என்றால் சாதாரணமாக எண்ணிக் கொடு. நிறுத்து என்றால் "இந்த ஸ்லிப்பை ஹெட் ஆபிஸ் பார்க்க வேண்டும் என்று மெஷின் சொல்கிறது, இந்த நம்பரில் கேளுங்கள்" என்பதோடு நிறுத்து, ஏன் என்று கேட்டால் உனக்குத் தெரியாது. தெரிந்த பையன் தனியாக வந்து தமிழில் கேட்டாலும் அதே பதில்தான். முடிந்தால் அந்த நேரத்துக்கு மேனேஜரையே கவுண்டரில் நிற்கச் சொல்.